பாட்டுக்கென்று ஒரு பெட்டரி

2022 மே 10ஆம் திகதி அப்பிள் நிறுவனம் ஐபாட்டுக்கு விடைகொடுத்தது. கையிருப்பு விற்றுத் தீரும்வரை கிடைக்கும், அதன் பிறகு இல்லை என்று சிறியதோர் அறிவிப்பு. ஆயிரம் பாட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி 2001 ஒக்டோபர் 23ஆம் திகதி வந்த கருவி அது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. இலங்கையில் அதை யாராவது கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம். முந்தைய நாள்தான் காலிமுகத்திடலில் அடிதடி நடந்து, பிரதமர் பதவி விலகி, நாடு முழுக்க ஊரடங்கு போட்டிருந்தார்கள்.

அதற்கும் ஆறு வாரம் முன்பு, மார்ச் 31ஆம் திகதி, பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. கண்டியிலும் அதை அடுத்த பிலிமத்தலாவையிலும் அந்த மாதங்களில் கைத்தொலைபேசியின் பெட்டரி என்பது குடும்பச் சொத்து. டோர்ச் லைட் அதுதான். காஸ் வரிசை எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்று சொல்லும் வாட்ஸ்அப் அதுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கூப்பிடுவதும் அதில்தான். அதை எடுத்துப் பாட்டுப் போட்டால் சார்ஜைக் கரைக்காதே என்று உள்ளேயிருந்து அதட்டல் வரும். பாட்டுக் கேட்கத் தனியாக ஒரு கருவி எதற்கு என்ற கேள்விக்கு உலகம் 'வேண்டாம்' என்று பதில் எழுதி முடித்த பருவத்தில், இந்த நாட்டில் அதற்கு நேர் எதிரான பதில் ஒன்று வீட்டுக்கு வீடு கிடைத்துக்கொண்டிருந்தது.

இப்போது அந்தக் கருவிகள் திரும்ப வந்திருக்கின்றன. குவாங்சோவின் ஃபீயோ, கொரியாவின் அஸ்டெல் அன்ட் கேர்ன், ஜப்பானின் சோனி என்று வாங்குகிறவனைக் குழப்பும் அளவுக்கு வகைகள். அவற்றை எடைபோட்டு எழுதப்படும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் இருக்கின்றன: உள்ளே எந்தச் சிப், எத்தனை பிட், எத்தனை கிலோஹேர்ட்ஸ், மேல்தாயி எப்படி மினுங்குகிறது. இந்த அளவுகோலே பிழையான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். ஒலித்தரத்தில் தனிக் கருவிக்கும் போனுக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு. தூரம் இருப்பது வேறு இடத்தில்: மின்சாரம், சிக்னல், பாட்டு யாருடைய உடைமை, திரையில் தமிழ் எப்படித் தெரிகிறது என்பவற்றில்.

ஒலியை முதலில் முடித்துவிடுவோம்.

சீடி ஒன்றில் ஒலி 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் என்ற அளவில் பதிந்திருக்கும். விநாடிக்கு 1,411 கிலோபிட். மனிதக் காது கேட்கும் 20 கிலோஹேர்ட்ஸ் வரை அதில் அடங்கும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். இதற்கு மேலே 24 பிட், 96, 192 என்று ஏறிக்கொண்டே போவதைத்தான் உயர் தெளிவு என்று விற்கிறார்கள். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். உயர் தெளிவுப் பதிவு ஒன்றை அப்படியே ஒலிக்கவிட்டார்கள். அதையே சீடித் தரத்துக்கு இறக்கியும் ஒலிக்கவிட்டார்கள். எது எது என்று சொல்லாமல் கேட்டவர்களிடம் பிரித்தறியச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 49.8 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். 2016இல் ஜோஷுவா ரைஸ் அதுவரை நடந்த பதினெட்டுச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 சதவீதம் வந்தது. புள்ளியியல்படி அது வெறும் தற்செயல் இல்லை, பயிற்சி பெற்ற காதுகளுக்கு விகிதம் இன்னும் கூடுகிறது என்றார் அவர். இரண்டையும் மதிக்கலாம். ஆனால் அமைதியான அறையில், கவனத்தை எல்லாம் குவித்து உட்கார்ந்திருப்பவருக்கே பாதிக்கு மேல் இரண்டு சொச்சம் சதவீதம்தான் என்றால், பஸ்ஸில் போகிறவர் இதற்காக ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

போன் பக்கத்தின் கதையும் சுவையானது. 2016இல் ஐபோன் 7 வந்தபோது ஹெட்போன் துளையை அப்பிள் அடைத்தது. 2019இல் நோட் 10 வந்தபோது சாம்சங்கின் விலையுயர்ந்த வரிசையிலும் அது போனது. விலை குறைந்த ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் துளை அப்படியே இருக்கிறது. ஆக, இரண்டு லட்சம் ரூபாய் போன் வைத்திருப்பவர் துளை தேடி அலைகிறார். நாற்பதாயிரம் ரூபாய் போன்காரர் பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீயைச் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். அலைகிறவருக்கும் வழி இருக்கிறது. சார்ஜ் செய்யும் துளையில் செருகும் சின்ன வயர்த் துண்டு ஒன்று, டொங்கிள் என்பார்கள். அப்பிளின் டொங்கிள் பத்து டொலருக்கும் குறைவு. ஆய்வுக்கூட அளவீடுகளில் அது தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவிகளுக்குப் பக்கத்தில் கூச்சமின்றி நிற்கிறது. ப்ளூடூத் காதணி போடுகிறவருக்கோ இந்த விவாதமே தேவையில்லை. இலக்க ஒலியை மின் அலையாக்கும் வேலை அங்கே காதணிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பிளேயருக்குள் எத்தனை ஆயிரம் ரூபாய்ச் சிப் இருந்தாலும் அது சும்மா இருக்கும். வயர் இல்லாமல் கேட்பவர் ஒலித்தரத்துக்காகத் தனி பிளேயர் வாங்குவது வீண் செலவு. இதைச் சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

வயரில் கேட்பவருக்கு ஓரிடத்தில் வித்தியாசம் வரும். கருவியின் வெளியீட்டுத் தடை எத்தனை ஓம் என்று பார்க்க வேண்டும். அது ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது தொழில் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. 16 ஓம் இயர்போனைப் பத்து ஓம் கருவியில் செருகினால், குறிப்பாக உள்ளே பல ஒலிப்பான்கள் உள்ள இயர்போன் என்றால், சில தாயிகள் வீங்கும், சில வடியும். அதை 'இந்தப் பிளேயருக்குத் தனிக் குணம் உண்டு' என்று பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குணமில்லை, பொருத்தமில்லாத சேர்க்கை. இன்னொரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை: பாட்டை நிறுத்திவிட்டு, இரவில், சத்தத்தைப் பாதி வரை கூட்டிக் காதில் வைத்துப் பாருங்கள். 'உஸ்' என்ற இரைச்சல் கேட்டால் அந்தக் கருவி உங்கள் இயர்போனுக்கு ஆகாது.

எங்கே கேட்கிறோம் என்பது இதையெல்லாம்விடப் பெரிய விஷயம். ரம்புக்கனையைத் தாண்டி ரயில் மலையேறத் தொடங்கும்போது மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு என்ன கேட்கும்? எஞ்சினின் முக்கல், தண்டவாள இணைப்பின் தட்டல், சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பயணிகள் சேர்ந்து போடும் கூச்சல் (இது எந்தத் தலைமுறையிலும் நின்றதில்லை), வடை விற்பவர் குரல். 96 டெசிபல் இடைவெளியில் பெரும்பகுதி இந்த இரைச்சலுக்குள் முழுகிவிடும். மெல்லிய பகுதி கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவோம். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வெளியிட்ட தர விதி, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்று எல்லை வைக்கிறது. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். ஆகவே காசை முதலில் போட வேண்டியது காதுத் துளையை நன்றாக அடைக்கும் ரப்பர் முனையுள்ள ஓர் இயர்போனில். பிளேயர் அதற்கு அப்புறம்.

சுரங்கத்துக்குள் இன்னொன்றும் நடக்கும். சிக்னல் போகும். இணையத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த பாட்டு பலன கழிந்து கடுகண்ணாவை வருவதற்குள் இரண்டொரு முறை மூச்சுத் திணறும். கடுகண்ணாவையைத் தாண்டிப் பிலிமத்தலாவை ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் நின்றுபோன சரணம் திரும்பி வரும். தரவிறக்கி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. கட்டணம் கட்டுகிறவர்கள் பாட்டைத் தரவிறக்கலாம். அந்தக் கோப்பு பூட்டுப் போட்டது. அதை வேறொரு கருவிக்கு மாற்ற முடியாது. முப்பது நாளுக்கு ஒரு தரமாவது இணையத்தோடு இணைந்து 'இன்னும் சந்தாதாரர்தான்' என்று காட்டாவிட்டால் அது பேசாது. சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். 2022இல் ரூபாய் சரிந்து, ரீலோட் விலை ஏறி, வெளிநாட்டுக் கட்டணம் ஒவ்வொன்றையும் குடும்பங்கள் இரண்டு தரம் யோசித்த காலத்தில் இது வெறும் நிபந்தனை வரியாக இருக்கவில்லை.

பாட்டுக் கேட்கும் கருவிக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை இந்த நாட்டில் மிகக் கடுமையாகக் கற்றவர்கள் யாழ்ப்பாணத்தார். 1990இல் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. வடக்கே கொண்டுபோகத் தடைவிதித்த பொருட்களின் பட்டியலில் பெட்டரியும் இருந்தது. அங்கே வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தினார்கள். பின்சக்கரத்தில் உரசும் டைனமோவிலிருந்து வயரை இழுத்து, டயோட் வைத்து மின்னோட்டத்தை நேராக்கி, வானொலிப் பெட்டிக்கும் கசெட் பிளேயருக்கும் கொடுத்தார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். முகப்பு விளக்கை எரிக்கச் செய்த டைனமோ அது; ஆறு வோல்ட், மூன்று வாட் அளவு. அந்த மூன்று வாட்டுக்குள் செய்தியும் அடங்க வேண்டும், பாட்டும் அடங்க வேண்டும். சுற்றுகிறவர் கை தளர்ந்தால் கசெட்டின் மோட்டாரும் தளரும், பாடகர் குரல் கீழே இறங்கும். ஒரு கருவியை மதிப்பிட இதைவிடக் கறாரான பரீட்சை எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை: எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் அது பாடும்?

இந்தக் கேள்வியை இன்றைய பிளேயர்களிடம் கேட்டால் விடைகள் வெகுவாகப் பிரிகின்றன. ஃபீயோ 2025இல் ஸ்னோஸ்கை எக்கோ மினி என்ற ஒன்றை விட்டது. பழைய கசெட் பிளேயர் சாயலில், உள்ளங்கையில் அடங்கும். விலை அறுபது டொலர், நம் காசில் பதினெட்டாயிரம் அளவு, சுங்கமும் வரியும் தனி. சிம் இல்லை, வைஃபை இல்லை, செயலி போட முடியாது. 256 ஜிபி மெமரி சிப் வரை ஏற்கும். சீடித் தரத்தில் எட்டாயிரம் பாட்டளவு. ஒரு சார்ஜில் பதினைந்து மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். இன்னொரு பக்கம் ஆண்ட்ராய்டில் ஓடும் பெரிய பிளேயர்கள். அகன்ற திரை, வைஃபை, யூடியூப், வேண்டுமானால் வாட்ஸ்அப்பும். சிம் மட்டும் இல்லாத போன்கள் இவை. போனின் தொல்லைகளில் பாதியைத் தூக்கிக்கொண்டு வந்து, போனைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். சில ஆண்டில் அவற்றின் ஆண்ட்ராய்ட் பழசாகும், செயலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அப்போது மிஞ்சுவது ஒரு நல்ல பிளேயரும் ஒரு கெட்ட டெப்லெட்டும். எனக்கு இந்த வகையில் மனம் போகவில்லை.

ஒரு கருவி எதைச் செய்யாது என்பதைக் குறையாக எண்ணும் பழக்கம் புதிதில்லை. 1979 ஜூலை 1ஆம் திகதி சோனி முதல் வாக்மேனை 33,000 யென்னுக்கு விற்பனைக்கு விட்டபோது, ரெக்கோட் செய்ய முடியாத டேப் கருவியை யார் வாங்குவார்கள் என்று அந்த நிறுவனத்துக்குள்ளேயே கேட்டார்கள். முதலில் செய்தது முப்பதாயிரம். ஜூலையில் மூவாயிரம்தான் போனது. ஓகஸ்ட் முடிவதற்குள் எல்லாம் தீர்ந்தது. அந்த முதல் மாதிரியில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. இருவர் சேர்ந்து கேட்பதற்கு. பாட்டைத் தாழ்த்திவிட்டு ஒருவரோடொருவர் பேச ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தது. தனிமைக் கருவி என்று பின்னால் பேர் வாங்கியது, பிறந்தபோது இருவருக்கானது.

விலைக்கும் கனத்துக்கும் வருவோம். பிலிமத்தலாவையில் கண்டி வீதியோரம் பித்தளைக் கடைகள் இருக்கின்றன. குத்துவிளக்கு வாங்க வருகிறவர் முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பார். கையை இழுத்தால் நல்ல விளக்கு. பித்தளையில் அந்த நியாயம் சரி. உலோகம்தான் அங்கே பண்டம். பிளேயர் செய்கிறவர்களும் அதே கையைத்தான் குறிவைக்கிறார்கள். 2016இல் சோனி ஒரே வரிசையில் இரண்டு வாக்மேன்களை விட்டது. ஒன்று அலுமினிய உடல், 267 கிராம், சுமார் 1,200 டொலர். மற்றது செம்பில் கடைந்து தங்கமுலாம் பூசியது, 455 கிராம், சுமார் 3,200 டொலர். செம்பு மின்தடையைக் குறைத்து ஒலியைத் திடமாக்குகிறது என்பது சோனியின் விளக்கம். இரண்டாயிரம் டொலர் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் பிடித்துக் காட்டிய எவரையும் பற்றி நான் படித்ததில்லை. கை உடனே பிடித்துவிடும், அதில் ஐயமில்லை.

வெளிநாட்டு விமர்சனங்கள் தொடாத பகுதி ஒன்று இருக்கிறது. தமிழர் ஒருவருக்கு அதுதான் தினசரித் தலைவலி: திரையில் வரும் எழுத்தும் பாட்டின் அடுக்கும்.

'கொடி' என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். ஒருங்குறியிலோ அது ககரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் எழுத்தை வரையும் மென்பொருள் அதை எடுத்து இடம்மாற்றிப் போட வேண்டும். போனில் ஆண்ட்ராய்ட் இதைப் பார்த்துக்கொள்கிறது. சொந்தச் சிறு மென்பொருளில் ஓடும் மலிவு பிளேயர்கள் பலவற்றில் இந்த வேலை தெரிந்த ஆள் இல்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி அந்தரத்தில் என்று பெயர் உடைந்து கிடக்கும். அல்லது எழுத்துருவே இல்லாமல் வரிசையாகக் கட்டங்கள். சிங்களத்துக்கும் இதே கதி. பிலிமத்தலாவையின் இலங்கை இறையியல் கல்லூரியில் 1963 முதல் தமிழும் சிங்களமுமாகப் படிக்கிறார்கள். அங்கே ஒரு மாணவர் தம் பாட்டுகளை இரு எழுத்திலும் பெயரிட்டு வைத்திருந்தால், அவற்றை ஒழுங்காகக் காட்டும் மலிவு பிளேயர் அகப்படுவது அதிர்ஷ்டம். ஆகவே நம்மவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிவைத்துக்கொள்கிறார்கள். அங்கே அடுத்த சிக்கல். டி.எம்.சௌந்தரராஜன் பெயரை ஒருவர் முதலெழுத்துகளுக்கு இடையில் புள்ளி வைத்து எழுதியிருப்பார், ஒருவர் இடைவெளி விட்டு, ஒருவர் ரகரத்தை இரட்டித்து, ஒருவர் வெறும் டிஎம்எஸ் என்று. கருவிக்கு அவர்கள் நான்கு பாடகர்கள். பாலசுப்ரமணியம் இன்னும் மோசம். அவர் பெயர் முடிகிற விதத்திலேயே மூன்று கட்சி உண்டு.

அடுக்கும் முறையே நமக்கு அந்நியமானது. மேல்நாட்டில் ஒரு பாடகர், அவருடைய தட்டு, அதற்குள் பாட்டுகள். பிளேயர்களின் பட்டியல் அந்த அச்சில் வார்த்தது. தமிழ்ப் படம் ஒன்றில் ஐந்து பாட்டு, ஆறு பாடகர். பாடகர் வாரியாகப் போனால் படம் ஆறு துண்டாகச் சிதறும். நாம் தேடுவது படத்தை வைத்து, இசையமைப்பாளரை வைத்து, சில சமயம் கவிஞரை வைத்து. இந்தப் பழக்கத்தை நமக்கு ஊட்டியதில் இலங்கை வானொலிக்குப் பெரிய பங்குண்டு. படம், பாடியவர்கள், இசை, இயற்றியவர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சொல்லாமல் அதன் அறிவிப்பாளர்கள் ஊசியை இறக்கியதில்லை. கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் குரலால் நடத்திய அந்த அட்டவணை, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தலைமுறையின் காதில் பதிந்தது. இசையமைப்பாளர் பெயரால் பாட்டை வரிசைப்படுத்த ஒரு பிளேயரால் முடியவில்லை என்றால், அதில் எத்தனை பிட் இருந்தென்ன?

கச்சேரிப் பதிவு கேட்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ராகம் ஒரு கோப்பு, தானம் ஒரு கோப்பு, பல்லவி ஒரு கோப்பு என்று சீடியிலிருந்து பிரித்திருப்பார்கள். இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகத் தெரியாத கருவி, தம்புரா சுருதியை நடுவில் அறுத்துவிட்டு மறுபடி தொடங்கும். அரை விநாடிதான். மேடையில் மின்சாரம் போய் வந்ததுபோல் இருக்கும்.

இனி உள்ளே போடும் பாட்டு. நம்மில் பெரும்பாலோரின் சேமிப்பு எப்படிச் சேர்ந்தது? முதலில் ரெக்கோடிங் பார். வேண்டிய பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து கசெட்டில் பதிந்து தருவார்கள். பிறகு 150 பாட்டு அடங்கிய எம்பித்ரீ சீடி. ஒரு சீடியில் அத்தனை அடங்க வேண்டுமென்றால் விநாடிக்கு 128 கிலோபிட்டுக்கு நசுக்க வேண்டும். அதன் பிறகு போன் கடை. கவுண்டருக்குப் பின்னால் கொம்பியூட்டரில் 'இளையராஜா ஹிட்ஸ் 1', 'இடைக்காலம்', 'சோகம்', 'பைலா மிக்ஸ்' என்று பெட்டி பெட்டியாக இருக்கும். சிப்பைக் கழற்றிக் கொடுத்தால் 'பழசா புதுசா அண்ணே?' என்று ஒரே கேள்வி, பத்து நிமிடத்தில் சிப் நிறைந்துவிடும். கசெட்டிலிருந்து சீடிக்கு, சீடியிலிருந்து சிப்புக்கு என்று இறங்கி வந்த பாட்டில் மேல்தாயி எப்போதோ கழன்று விழுந்திருக்கும். சாதாரணக் கசெட்டின் ஒலி இடைவெளியே ஐம்பது டெசிபல் சொச்சம்தான். அதற்கும் முன்னே, 1950களிலும் 60களிலும் வந்த திரைப்பாட்டுகள் மோனோவில் பதிந்தவை. 1978இல் வந்த 'ப்ரியா'வின் பாட்டுகளை ஸ்டீரியோவில் பதிந்ததை அன்று தனிச் செய்தியாகப் பேசினார்கள் என்றால் நிலைமை புரியும். அந்த மோனோப் பாட்டை 192 கிலோஹேர்ட்ஸ் கோப்பாக்கி விற்றால் அதில் கூடுவது கோப்பின் பருமன். நல்ல பிளேயர் இந்தச் சேமிப்பை அழகாக்காது. காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் கணக்கில் எடுத்து வெற்றி கண்ட கருவி ஒன்று உண்டு. ஒலிப்பிரியர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எச்எம்வியின் இந்திய வாரிசான சரிகம நிறுவனம் 2017இல் காரவான் என்ற பெட்டியை விட்டது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ தோற்றம், 5,990 இந்திய ரூபாய், உள்ளே ஏற்கெனவே ஏற்றிய 5,000 பழைய பாட்டு. பிறகு தமிழ்ப் பதிப்பும் வந்தது. இணையம் தேவையில்லை, கணக்குத் திறக்க வேண்டாம், கடவுச்சொல் இல்லை. முன்னால் உள்ள குமிழைத் திருகினால் பாடகர், இசையமைப்பாளர் என்று ஒவ்வொரு பேரும் ஒரு நிலையம்போல வரும். அதை வாங்கியது பெரும்பாலும் பிள்ளைகள், கேட்டது பெற்றோர். போன் திரையில் விரலை எங்கே வைப்பது என்று தடுமாறுகிற ஒருவர், குமிழைத் திருகி எம்.எஸ்.விஸ்வநாதனிடம் தானாகப் போய்ச் சேர்கிறார். பண்பலையும் யூஎஸ்பியும் கூட உண்டு. அதன் ஒலி சுமார்தான். ஒற்றைச் சிறு ஒலிபெருக்கிப் பெட்டியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆனால் நான் மேலே அடுக்கிய கேள்விகள் அத்தனையிலும் அது தேறும். படிக்கக் கண்ணாடி தேடுகிறவருக்கு எது தேவை என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு கருவியைச் செய்திருக்கிறார்கள். குவாங்சோ, தோக்கியோக் கருவிகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழ்.

அப்படியானால் யார் வாங்கலாம்? ரயிலிலும் பஸ்ஸிலும் நாளுக்கு இரண்டு மணி நேரம் போகிறவர், வயர் இயர்போன் போடுகிறவர், தன் பாட்டைத் தன் கோப்பாக வைத்திருப்பவர். இவர் பதினெட்டாயிரம் ரூபாய்ச் சின்னக் கருவியோடு நின்றுகொள்ளலாம். வாங்கும்போது சொந்தச் சிப்பையும் சொந்த இயர்போனையும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரிப் பாட்டு எதிலும் நன்றாகத்தான் கேட்கும். சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பார்க்காமலே அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தான் இருக்கிறதா, உடல் திருகாணியால் பூட்டியதா பசையால் ஒட்டியதா என்றும் பார்க்க வேண்டும். லிதியம் பெட்டரி சில ஆண்டில் சோர்ந்துபோகும். திருகாணி என்றால் நம்மூர் போன் திருத்துகிறவரே அளவான பெட்டரி ஒன்றைப் பொருத்திவிடுவார். பசை என்றால் அந்தக் கருவியின் ஆயுள் அத்தோடு சரி. 2014இல் கைவிடப்பட்ட ஐபாட் கிளாசிக்கைத் திறந்து, புதுப் பெட்டரி போட்டு, உள்ளே சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பை வைத்து இன்றும் ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் இருப்பது, அதைத் திறக்க முடிகிறது என்பதால்தான்.

கோப்புக்கு எங்கே போவது என்ற கேள்வி எஞ்சுகிறது. அப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2012 ஜூனில் இலங்கைக்குத் திறந்தது. அங்கே காசு கொடுத்து வாங்கும் பாட்டு 256 கிலோபிட், பூட்டில்லாதது, எந்தக் கருவிக்கும் மாற்றலாம். திரைப்பாட்டுக்கு அது போதும். இந்த நாட்டில் பிறந்த பாட்டுத்தான் அகப்படாது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் பாடிய பொப் பாட்டுகளில் பேர்போன சில இணையத்தில் உண்டு. இலங்கை வானொலிக்கென்று பதிந்த மெல்லிசைப் பாட்டுகளில் பல, அன்று வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கோடரை வைத்துப் பிடித்தவர்களின் கசெட்டுகளில்தான் இருக்கின்றன. அவற்றை இலக்கக் கோப்பாக்க ஒழுங்காக ஓடும் கசெட் டெக் ஒன்று வேண்டும். பழைய டெக்குகளில் ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகியிருக்கும். பெல்ட்டை மாற்றி, ஒலித்தலையை ஸ்பிரிட்டால் துடைத்து, அதன் சாய்வை அந்தக் கசெட்டுக்கு ஏற்பத் திருகாணியால் சரிசெய்து, பிறகு பதிய வேண்டும். அந்தச் சாய்வு ஒரு மயிரிழை தப்பினாலும் மேல்தாயி போய்விடும். கண்டியில் புதுப் பிளேயர் வாங்கித் தர ஆள் இருக்கிறார்கள். இந்த வேலை தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது, கிடைத்தவர்களுக்கும் வயதாகிவிட்டது.